பதினோராவது ஆமென்

தெத்துவான்,
தமூஸ் மாதம் எட்டாம் நாள், வியாழன் காலை.

என் அன்பு மகன் ஷெம்தோபுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் கிருபையால் நானும் உன் அப்பாவும் தங்கை லூனாவும் நோய் நொடியில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை நீ எழுதி அனுப்ப வேண்டும்.

முதலில் இதைக் கவனமாகப் படி. போன சனிக்கிழமை, தமூஸ் மூன்றாம் நாள், காலைத் தொழுகைக்கு நம் தெரு ஜெப ஆலயத்தில் இருந்தவர்கள், உன் அப்பாவைச் சேர்க்காமல், பத்து ஆண்கள். ரப்பி மெனாஹெம். தோரா வேதச் சுருள் வாசிக்கும் ஷலோமோ. உன் மெசோத் மாமா. இறைச்சிக்கடை ஹாயிமும் அவன் மருமகனும். வெள்ளிப் பட்டறை அம்ராம், அவனுடைய காது கேளாத அண்ணன் யெஹூதா. தெருக்கோடித் தையல்காரர்கள் இரண்டு பேர். பத்தாவது ஆள் தாஞ்சியரிலிருந்து சர்க்கரை வியாபாரத்துக்கு வந்து நம் வீட்டில் தங்கியிருந்த விருந்தாளி. மேலே மரத் தட்டிக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் நான், லூனா, அடுத்த வீட்டு ரெய்னா, ரெய்னாவின் மாமியார், இவ்வளவுதான். ரெய்னாவின் மாமியார் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளைக் கணக்கில் சேர்க்காதே. சபாத் ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்பதால் இதையெல்லாம் மனதிலேயே எண்ணி வைத்திருந்து, அது முடிந்த பிறகு நோட்டில் எழுதினேன். ஒரு பெயர்கூடத் தப்பில்லை. இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அன்று உன் அப்பாவைத் தோரா வாசிப்புக்குக் கூப்பிட்டார்கள். போனார், வாசிப்பு முடிந்தது, இறங்கி வர வேண்டியதுதானே, இறங்கவில்லை. மேடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, தகுதியில்லாதவருக்கும் நன்மை செய்கிற ஆண்டவர் எனக்கு எல்லா நன்மையும் செய்தார் என்று, உயிர் தப்பியவன் சொல்கிற நன்றித்துதியைச் சொன்னார். கீழே எல்லாரும் ஒரு நொடி திகைத்தார்கள், ஆனாலும் வாய் தன்னால் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது, ஆமென், உனக்கு எல்லா நன்மையும் செய்தவர் என்றைக்கும் உனக்கு நன்மையே செய்வாராக. யெஹூதாவின் ஆமென் மட்டும் எப்போதும்போல எல்லாருக்கும் பின்னால், தம்பி முழங்கையால் இடித்த பிறகு, தனியாக வந்தது.

நான் தட்டியருகே போய் எட்டிப் பார்த்தேன். அந்தத் துதியைப் பத்து ஆண்கள் முன்னால் யார் சொல்ல வேண்டும் என்று உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா, நீ நான்கு விரலை மடக்கி மடக்கிச் சொல்வாய்: கடல் கடந்தவன், பாலைவனம் தாண்டியவன், பெரும் நோயிலிருந்து எழுந்தவன், சிறையிலிருந்து வெளியே வந்தவன். உன் அப்பா கூடாரப் பண்டிகைக்குப் பிறகு ஊர் எல்லையைத் தாண்டவில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஜெப ஆலயத்துக்கும் நடுவில் இருக்கிற மனிதர் எதிலிருந்து தப்பினார்? ரெய்னா என் காதருகே குனிந்து, "என்னக்கா, உன் சமையல்லேருந்து தப்பிச்சாராமா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சிரித்தது லூனாவுக்காக. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். எதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை, அப்படிக் கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை, தப்பித்தவன் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். உன் மெசோத் மாமாதான், ஒருவேளை எங்கள் அத்தான் ராத்திரியெல்லாம் தூக்கத்தில் கடல் கடக்கிறாரோ என்னவோ, குறட்டைச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கிறது என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து, முந்தின நாளே அடுப்பில் ஏற்றி வைத்த அதாஃபினாப் பானையைத் திறந்து பரிமாறிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். கடையில் ஒரு நாள் தலை சுற்றியது, விழப் பார்த்தேன், பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்றார். தலை சுற்றலுக்கெல்லாம் பத்துப் பேர் முன்னால் நன்றி சொல்வார்களா என்று விருந்தாளி இருக்கும்போது எப்படிக் கேட்பது? சாப்பிட்டுப் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு ஏறும்போது நிம்மதி, இறங்கும்போது அடுத்தது ஏறுமா என்று பயம். சபாத் நாளில் கெட்டதை நினைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பகல் முழுக்க நான் விதவையாக இருந்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தட்டுகள் வர ஆரம்பித்தன. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு வீட்டில் நன்றித்துதி சொன்னார்கள் என்றால் தெருவே இனிப்போடு வரும், பிறகு அந்த வீட்டுக்காரர்கள் நன்றி விருந்து வைத்து, அந்தத் தட்டுகளை நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். ரெய்னா பாதாம் உருண்டை கொண்டுவந்தாள். ஹாயிம் மனைவி தேனில் முக்கிய மாவுச் சுருள். அம்ராம் வீட்டிலிருந்து ஆரஞ்சுத் தோல் பாகு. ஏழு தட்டு வந்தது, எது யாருடையது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று, ஆண்டவர் உங்கள் வீட்டைக் காப்பாற்றினார் என்று சொல்ல, நான் ஆமென், ஆமென் என்று வாங்கிக்கொண்டேன். எதைக் காப்பாற்றினார் என்று தெரியாமலே ஏழு தடவை ஆமென் சொன்னேன். ஒவ்வொரு தட்டையும் உள்ளே எடுத்து வைக்கும்போது, தெரியாத பொருளுக்குக் கைநாட்டு வைக்கிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில்தான் எனக்கு விளங்கியது. கடந்த ஐந்து வாரமாக உன் அப்பா திங்களும் வியாழனும் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. வயிறு சரியில்லை என்பார், நானும் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பேன். சனிக்கிழமை நன்றி சொல்லியாகிவிட்டதே, அவருக்கு எது வந்ததோ அது போய்விட்டதே, இனி சாப்பிடுவார் என்று ரொட்டியும் ஆலிவ் காயும் வைத்தேன். தட்டை நகர்த்திவிட்டார். அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. உயிர் தப்பினேன் என்று நன்றி சொன்ன மனிதர் இன்னும் உபவாசம் இருக்கிறார் என்றால், தப்பியது அவர் இல்லை. தப்பியாகிவிட்டது என்றும் இல்லை.

எழுந்து போய் உன் கடிதக் கணக்கை எடுத்தேன். நீ ரப்பர் காட்டுக்குக் கப்பல் ஏறிய நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டு, நீ எழுதிய தேதி, எனக்குக் கிடைத்த தேதி எல்லாம் குறித்து வைக்கிறேன் என்று உனக்குத் தெரியும், அதை வைத்து நீ என்னைக் கேலி செய்வாய். அறுபத்து மூன்றாம் கடிதம் பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் வந்தது, உன் கையெழுத்து. அறுபத்து நான்கு அந்தப் பண்டிகை முடிந்து ஐந்தாம் வாரம் வந்தது, அது அங்கே உன் கூட்டாளி பின்ஹாஸ் எழுதியது. உனக்குக் கட்டைவிரலில் ரப்பர் வெட்டுகிற கத்தி பட்டுவிட்டது, நீ சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான் என்று உன் அப்பா சொன்னார். ஆமாம், சொன்னார். கடிதத்தை என் கையில் கொடுக்கவில்லை, அவரே படித்துக் காட்டினார், எனக்குப் படிக்கத் தெரியும் என்பதையே மறந்துவிட்டவர் மாதிரி. நானும் அடுப்பில் கை வேலையாக இருந்ததால் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். நாற்பது வயதில் தனியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள், படிக்க வேண்டிய ஒரே காகிதத்தைப் படிக்காமல் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எதுவுமில்லை. சனிக்கிழமையிலிருந்து அவர்மேல் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து ஒரு கடல் தாண்டிப் போய் உன்மேல் உட்கார்ந்தது.

நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்குப் போனேன். பகல் நேரத்தில் நான் கடைக்குப் போகிறவள் இல்லை, என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தேயிலைப் பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கடிதத்தை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார், என் கையில் கொடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. முதல் கடிதம் எனக்கு வேறு மாதிரிப் படித்துக் காட்டப்பட்ட அந்த அறுபத்து நான்கு. அதில் கட்டைவிரலும் இல்லை, கத்தியும் இல்லை. உன் படகுக் கடை ஆற்றில் கவிழ்ந்தது, துணியும் உப்பும் போய்விட்டன, நீ கயிற்றில் கோத்திருந்த ரப்பர் உருண்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தாய், மீன் பிடிக்கிற காட்டு மக்கள் உன்னைக் கரை சேர்த்தார்கள், கரை சேர்ந்த மறுநாளே காய்ச்சல், ஆளை அடையாளம் தெரியவில்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். இப்படி எழுதியிருந்தான் பின்ஹாஸ். இரண்டாவது கடிதம் பதினொரு நாள் கழித்து எழுதியது, ஒரே கப்பலில் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. காய்ச்சல் போவதும் வருவதுமாக இருக்கிறது, நேற்று கொஞ்சம் தூங்கினான், விழித்ததும் தண்ணீர் கேட்டான், பிறகு உப்பில் ஊறிய ஆலிவ் காய் கேட்டான், இங்கே அதற்கு எங்கே போவேன், நீராவிப் படகு கிளம்புகிறது, இதோடு முடிக்கிறேன், அவன் எழுந்தால் நன்றி சொல்லக்கூட இங்கே பத்துப் பேர் இல்லை, நாங்கள் மொத்தம் நாலே யூதர்கள், நீங்கள்தான் அங்கே சொல்ல வேண்டும். இவ்வளவுதான். எழுந்தால் என்றுதான் எழுதியிருக்கிறான். எழுந்தான் என்று எழுதவில்லை. நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தபால் கப்பல் வந்து போயிருக்கின்றன, உன்னிடமிருந்தும் ஒன்றுமில்லை, அவனிடமிருந்தும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை விருந்தாளி வந்ததும் அப்பா அவரிடம் முதலில் கேட்டது சர்க்கரை விலை இல்லையாம், கப்பல் வந்ததா என்றுதானாம். வந்து போய்விட்டது என்றிருக்கிறார். மறுநாள் காலையில் தோராவுக்குக் கூப்பிட்டார்கள். "ஏங்க, அவன் பொழச்சானான்னு தெரியாமலா நன்றி சொன்னீங்க?" என்று கேட்டேன். கடையில் ஒரு பெண் மெழுகுவத்தி வாங்க நின்றுகொண்டிருந்தாள், எனக்கு அது தெரியவேயில்லை. உன் அப்பா அவளை அனுப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "நன்றி சொல்லிட்டா, சொன்ன வாயைப் பொய்யாக்க ஆண்டவருக்கு மனசு வராதுன்னு நெனச்சேன், ஒரோவிதா."

மகனே, எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பயம் வந்தது. ஆண்டவருடைய பெயரை வீணாக எடுத்துச் சொன்ன வாய் நம் வீட்டு வாய். நடக்காத நன்மைக்கு நன்றி சொல்வது அவருக்குக் கெடு வைப்பது மாதிரி இல்லையா? கடைக்காரன் கடைக்காரனிடம் செய்கிற மாதிரி, முன்பணம் கொடுத்தாச்சு, சரக்கை அனுப்பு என்று மேலே சொல்ல முடியுமா? இதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தபோது சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா தண்ணீர் கொண்டுவந்தார், உபவாசம் இருக்கிறவர் எனக்கு மட்டும் கொடுத்தார். அப்போது அவர் கையைப் பார்த்தேன். இந்த ஐந்து வாரத்தில் மோதிரம் தளர்ந்து நூல் சுற்றிப் போட்டிருக்கிறார். தினமும் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான், நூலைக் கவனிக்கவில்லை. அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். ஒருவனுக்காக இன்னொருவன் இந்தத் துதியைச் சொல்லலாம், அவன்மேல் உள்ள சந்தோஷத்தால் சொல்லலாம், ஆனால் தப்பியவன் அங்கேயே நின்று கேட்டு, ஆமென் சொன்னால்தான் அது அவனைச் சேரும் என்றிருக்கிறது. நீ எங்கே நின்றாய்? ஆறும் கடலும் தாண்டி எங்கோ ஒரு குடிசையில் கிடந்தாய், ஆண்டவரே, கிடக்கிறாய், கிடந்து எழுந்திருக்கிறாய், எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை லூனாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரப்பி மெனாஹெமிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, "உன் வீட்டுக்காரர் செஞ்சது தப்புதாம்மா. அந்த எடத்துல நான் நின்னிருந்தா நானும் அந்தத் தப்பைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். பையன் ஆலிவ் காய் கேட்டான் என்ற ஒரு வரி இருக்கிறதே, சாகப் போகிறவன் ஆலிவ் காய் கேட்பானா, தகப்பன் அந்த ஒரு வரிக்கு நன்றி சொன்னதாக வைத்துக்கொள்வோம், அதை வீண் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றார். அது எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது.

அப்போது நான் என் மனதில் இருந்ததைக் கேட்டேன். ஷெம்தோப் இப்போது, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆமென் என்று எழுதி அனுப்பினால் அது சேருமா? ரப்பி சிரித்தார். துதியைக் காதால் கேட்காமல், நேரம் கடந்து சொல்கிற ஆமெனுக்குப் பெரியவர்கள் அநாதை ஆமென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியாததா என்றார். தெரியும். தெரிந்ததால்தான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது லூனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். லூனாதான் சட்டென்று, "அப்போ யெஹூதா மாமாவோட ஆமென், ஐயா? அது எப்பவும் லேட்டாத்தானே வருது?" என்று கேட்டுவிட்டாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவளை அதட்டினேன். ரப்பி என்னை அதட்டினார். அவள் கேட்பது சரி என்றார். காது கேட்காவிட்டாலும் எந்தத் துதிக்குப் பதில் சொல்கிறோம் என்று யெஹூதாவுக்குத் தெரியும், தம்பி இடித்துச் சொல்கிறான், எதற்குச் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னால் அந்த ஆமென் அநாதை இல்லை என்றார். ஆனாலும் உன் கடன் அதனால் தீராது, நீ ஒரு நாள் பத்துப் பேர் முன்னால் நின்று உன் வாயாலேயே நன்றித்துதி சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் தள்ளுபடி இல்லை என்றும் சொன்னார். "ஆனா அதுவரைக்கும் எழுதட்டும்மா. சட்டத்துக்காக இல்ல. ஒனக்காக எழுதட்டும்."

அதற்காகத்தான் மகனே, ஆரம்பத்தில் எல்லாப் பெயரையும் எழுதினேன். எந்த நாள், எந்த நேரம், எங்கே, யார் சொன்னார், என்ன சொன்னார், யார் யார் பதில் சொன்னார்கள் என்று எல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். நீ தெரிந்து சொல்ல வேண்டும். அம்ராம் யெஹூதாவை இடிக்கிற மாதிரி நான் இங்கிருந்து இந்தக் கடிதத்தால் உன்னை இடிக்கிறேன். நீ பிறந்தபோது பிரசவத்தில் நான் தப்பியதற்கு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு அதே மரத் தட்டிக்குப் பின்னால் நின்று நானே இந்தத் துதியைச் சொன்னேன். என் குரல் கீழே எட்டவில்லை, ரப்பி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்போதும் யெஹூதாவின் ஆமென் கடைசியில்தான் வந்தது, நீ அந்தச் சத்தத்துக்கு விழித்து அழுதாய். நீ அழுததும் கீழே எல்லாரும் சிரித்தார்கள். அந்த அழுகையை இப்போது கேட்டால் போதும் என்றிருக்கிறது.

வேறு விஷயம் எழுத மனம் ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நான் அழுதுகொண்டே எழுதினேன் என்று நினைப்பாய். லூனாவின் கல்யாணத்தைக் கூடாரப் பண்டிகைக்குப் பிறகு வைத்திருக்கிறோம், மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள், அவள்தான் அண்ணன் கடிதம் வராமல் துணிகூட வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. கிணற்றுச் சுவர் இடிந்ததைக் கட்டியாகிவிட்டது. மெசோத் மாமாவுக்கு இடது கண்ணில் புரை விழுகிறது, வலது கண்ணே தனக்கு அதிகம் என்கிறார், பார்க்கிற முகமெல்லாம் அப்படியாம். உன் அப்பா செவ்வாயிலிருந்து என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறார், திங்களும் வியாழனும் மட்டும் இல்லை, இப்போது அந்த இரண்டு நாள் உபவாசத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். இன்று வியாழன், அதனால் என் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் பயப்படாதே, பசிதான்.

ஏழு தட்டும் கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரியில் இருக்கின்றன. வெறும் தட்டைத் திருப்பக் கூடாது, நிரப்பித் திருப்ப எனக்கு இன்னும் உரிமையில்லை. தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ரெய்னா வாசலில் நின்று, "அக்கா, ஒண்ணு விருந்து வை, இல்லாட்டி எந்தட்டைக் குடு, எம்மாமியார் மீனை எதுல வெச்சுத் திம்பா?" என்று கேட்டாள். வைக்கிறேன் ரெய்னா, வைக்கிறேன் என்றேன். அவள் என் முகத்தில் என்ன பார்த்தாளோ, மேலே ஒன்றும் கேட்காமல் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன், எட்டாவது பாத்திரம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதே. நனைந்த துணியோடு உட்காராதே. படகு போனால் போகட்டும், உப்பும் துணியும் போனால் போகட்டும், அதைப் பற்றி உன் அப்பா ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். உடம்பு தேறியதும் பெரிய நீராவிக் கப்பலில், சின்னப் படகில் இல்லை, பாரா நகரத்துக்குப் போ, அங்கே நம்மவர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது, பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள், அவர்கள் முன்னால் நின்று உன் வாயால் சொல். உன்னைக் கரை சேர்த்த மீன்பிடிக்காரர்கள் வீட்டுக்கு வெறும் கையோடு போகாதே, அவர்களுடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுது, வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது சொல்ல வேண்டும். ஒரு சின்ன ஜாடியில் உப்பு ஆலிவ் காய் போட்டு, மெழுகு வைத்து அடைத்து இந்தத் தபாலோடு அனுப்புகிறேன். உடையாமல் வந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்றுவிடாதே, பின்ஹாஸுக்கும் கொடு. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த முறை அவன் எழுத வேண்டாம் என்று சொல். அவன் கையெழுத்தில் உறை வந்தால் அதைப் பிரிக்க எனக்குத் தைரியம் வராது.

கை நடுங்கினாலும் பரவாயில்லை, எழுத்து கோணினாலும் பரவாயில்லை, ஒரு முழுக் கடிதம் வேண்டாம். சனிக்கிழமை இங்கே பத்து ஆமென் கேட்டேன். என் நோட்டில் அதற்குக் கீழே பதினொன்று என்று எண் போட்டுப் பக்கத்தில் காலியாக விட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை உன் கையால் எழுதி அனுப்பு.

தாஞ்சியர் போகிற கோவேறு கழுதைக்காரன் நண்பகலுக்குக் கிளம்புகிறான், அவனிடம் இதைச் சேர்த்தால்தான் கப்பலைப் பிடிக்கும். அதனால் முடிக்கிறேன். ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் வழிநடத்தியவர் உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காக்கட்டும். உன் காய்ச்சல் ஆளில்லாத மலைக்குப் போகட்டும். உன் அப்பா உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னார், கடையைச் சாத்திவிட்டு வந்து இதோ பக்கத்தில் நிற்கிறார், மோதிரத்து நூலைத் திருகிக்கொண்டு. லூனா முத்தம் அனுப்புகிறாள்.

உன்னைப் பெற்றவள்,
ஒரோவிதா

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுது.